நீல அட்டை இல்லாத மரக்கன்று

(இராஜபாளையத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரம் வளர்ப்பில் இலாபம் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். விலை, சந்தை, மானியம் எனப் பேசுவதற்கு நிறைய உண்டு. அவற்றுக்கெல்லாம் முந்தைய இடமான நாற்றங்காலிலேயே இன்று நிற்கலாம் என்று நினைக்கிறேன். மரத்தில் வரும் இலாபத்தின் பெரும்பகுதி, கன்று நம் நிலத்துக்கு வந்து சேரும் முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சான்றாக ஸ்ரீவில்லிபுத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி இரகங்கள் அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டுதான் தமிழ்நாடு முழுவதும் போயின. இங்கே பருத்தி போட்டவர்களுக்கு விதைப் பையில் தொங்கும் அட்டையின் நிறம் தெரியும். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். நீல அட்டை இல்லாத பையைக் கடைக்காரர் நீட்டினால், "இது எங்கே எடுத்த விதை?" என்று கேட்காமல் வாங்க மாட்டார்கள்.

மாங்கன்று வாங்குவதிலும் அப்படித்தான். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விளையும் ஊர் இந்த இராஜபாளையம். ஒட்டுக்கன்று விற்பவரிடம் தாய்மரம் யாருடைய தோப்பில் நிற்கிறது, எத்தனை வருடமாகக் காய்க்கிறது என்று விசாரித்த பிறகே பணத்தை எடுப்பார்கள். இவ்வளவு விவரமான அதே விவசாயி தேக்கு வைக்கும்போது, மலைவேம்பு வைக்கும்போது, லாரியில் வந்து இறங்கும் கன்றை எண்ணி மட்டும் வாங்கிக்கொள்கிறார். எந்த மரத்து விதை என்று கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை.

பருத்தியில் விதை தவறினால் ஒரு பருவம் போகும். ஐந்தாறு மாதத்தில் தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும், அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். மலைவேம்பில் அது தெரிய நான்கைந்து வருடம் ஆகும். தேக்கில் பதினைந்து, இருபது வருடம் ஆனாலும் வியப்பில்லை. அதுவரை வேலி, தண்ணீர், களையெடுப்பு, கவாத்து என்று நல்ல கன்றுக்கு ஆகும் அதே செலவு கெட்ட கன்றுக்கும் ஆகிக்கொண்டிருக்கும். எத்தனை வருடம் காத்திருக்க வேண்டிய பயிரோ, அத்தனைக்கு அதன் கன்றில் கண்டிப்பு வேண்டும். நம் நடைமுறையோ நேர் எதிராக இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 250 கன்று பிடிக்கும். சாதாரணக் கன்று ஐந்து ரூபாய், தரமானது பதினைந்து ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஏக்கருக்கு 2,500 ரூபாய். மட்டமான கன்றில் ஐந்தில் ஒன்று பட்டுப்போனால் 50 மரம் இழப்பு. அறுவடையில் ஒரு மரத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 50,000 ரூபாய் போய்விட்டது. பிழைத்த 200 மரத்திலும் கவட்டையாகப் பிரிந்தது, திருகியது, பருக்காமல் நின்றுவிட்டது எத்தனை என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. 2,500 ரூபாயைச் சேமிக்கப் போய் இவ்வளவையும் விடுகிறோம்.

நாற்றங்கால் தோற்றால் தோட்டமே இல்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1840களில் மலபார் ஆட்சியராக இருந்த எச்.வி. கனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தார். மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கப்பல் கட்டுவதற்குத் தேக்கு வேண்டும், காட்டில் நின்ற மரமோ குறைந்துகொண்டே வந்தது. நிலம் இருந்தது, ஆள் இருந்தது, அரசாங்க அதிகாரமும் இருந்தது. ஆனால் விதை முளைக்கவில்லை. தேக்கின் கொட்டை கல்போல இறுகிய ஓடு கொண்டது, போட்டால் சீராக முளைக்காது. முதல் சில முயற்சிகள் இந்த ஒரு காரணத்தால் தோற்றன. கனோலியின் கீழ் பணிபுரிந்த சாத்து மேனோன் என்ற உள்ளூர் அலுவலர் விதையை முளைக்க வைத்து நாற்று எடுத்துக்காட்டிய பிறகுதான் நிலம்பூர்த் தோட்டம் எழுந்தது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்றாகக் கனோலியின் பெயரோடு அது இன்றும் நிற்கிறது. என்னைக் கேட்டால் மேனோனின் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

இன்று தேக்குக் கொட்டையை மாற்றி மாற்றி நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, தாய்ப்பாத்தியில் தூவுகிறார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, மேலே விரற்கடை அளவு தண்டும் கீழே ஒரு சாண் ஆணிவேரும் விட்டு நறுக்கினால் அதுதான் நாற்றுக்குச்சி. கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும். அதைவிட மெலிந்ததைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். நாற்றுப்பண்ணைக்காரரின் நேர்மை அந்தக் கழிவுக் குவியலில் தெரியும். குவியலே இல்லாத பண்ணையில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

தரம் என்பதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று வம்சம், மற்றொன்று வளர்ப்பு. வம்சம் கண்ணுக்குத் தெரியாது. பண்ணையின் பதிவேட்டை நம்பித்தான் ஆக வேண்டும். வளர்ப்பைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாம் பார்ப்பது உயரத்தை. பார்க்க வேண்டியது வேரை. பாலித்தீன் பையில் அதிக நாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, வளைந்து, பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும். மேலே தளதளவென்று நிற்கும், நட்ட முதல் வருடமும் பசுமையாகவே இருக்கும். தண்டு பருக்கப் பருக்க, சுருண்ட வேரும் பருத்துத் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். நான்காம் வருடம் ஒரு காற்றில் மரம் சாய்ந்த பிறகு தோண்டிப் பார்த்தால், பையின் வடிவம் வேரில் அப்படியே பதிந்திருக்கும். கன்று வாங்கப் போகும்போது ஒரு பிளேடு எடுத்துச் செல்லுங்கள். நூறு கன்றுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு, பையைக் கிழித்து மண்ணை நீரில் கரையுங்கள். ஆணிவேர் நேராக இறங்கி, பக்கவேர் வெண்மையாக நிறைந்திருந்தால் எடுக்கலாம். அடியில் கொக்கி போல வளைந்திருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தச் சிக்கலுக்காகவே ரூட் டிரெய்னர் எனப்படும் குழல் கிண்ணங்கள் வந்தன. உள்சுவரில் நெடுக்காக வரிகள் இருக்கும், வேர் சுற்ற முடியாமல் கீழ்நோக்கி இறங்கும். அடியில் பெரிய துளை. தரையில் படாமல் சட்டத்தில் தொங்குவதால் துளையைத் தாண்டும் வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே புதிய வேர்கள் கிளைக்கும். நிரப்புவதற்கு மட்கிய தென்னை நார்க்கழிவு முக்கியச் சரக்கு. தென்னந்தோப்புகள் நிறைந்த இந்தப் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை.

சந்தனக் கன்று வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரோடு இணைத்து உணவின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் மரம். ஆகவே பைக்குள்ளேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைச்செடியாக இருக்க வேண்டும். தனியாக நிற்கும் சந்தனக் கன்றை "சுத்தமான கன்று" என்று விற்றால் அது நிலத்தில் தேறுவது கடினம்.

வம்சத்துக்கு வருகிறேன். மலைவேம்பு தமிழ்நாட்டில் பரவிய வேகம் உங்களுக்குத் தெரியும். அதன் கொட்டை முளைப்பதில் மிகவும் பிடிவாதமானது. நூற்றுக்கு 25 முளைத்தால் பெரிது. தேவை ஏறியது, நாற்று கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மரத்தின் கன்றுகளும் மலைவேம்பு என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. சின்னக் கன்றில் இரண்டையும் பிரித்தறிவது பழகியவருக்கே சிரமம். ஏமாந்தவர்கள் மரத்தைக் குறை சொன்னார்கள். மரத்தின் மீது குற்றமில்லை.

நல்ல வம்சம் எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பிரேசிலின் அரக்ரூஸ் நிறுவனத்தைச் சொல்வார்கள். விதையிலிருந்து வளர்த்த தைலமரக் காடுகளில் 1970களில் பட்டையழுகல் நோய் பரவியது. நோய்க்கு நடுவே நன்றாக நின்ற மரங்களைத் தேடி எடுத்து, அவற்றின் தளிர்த் தண்டுகளை வேர்விடச் செய்து, அச்சு மாறாத கன்றுகளை, அதாவது குளோன்களைப் பெருக்கினார்கள். அந்த வேலைக்கு 1984-ல் மார்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இன்றைய தெலங்கானாவின் பத்ராசலத்தில் ஐ.டி.சி. காகித ஆலை 1989 முதல் இதே வழியில் இறங்கியது. விதைக் கன்றுத் தோட்டத்தில் எக்டருக்கு ஆண்டுக்கு 6 முதல் 10 கன மீட்டர் கிடைத்த இடத்தில், தேர்ந்த குளோன்கள் 20 கன மீட்டரைத் தாண்டின. நிலம், மழை, விவசாயி எல்லாம் அதேதான். தமிழ்நாட்டில் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் சவுக்கு, தைலமரம், மலைவேம்பு போன்றவற்றில் தேர்ந்த இரகங்களை வெளியிட்டிருக்கின்றன. கரூரில் உள்ள காகித ஆலையும் தன் விவசாயிகளுக்காகக் குளோன் நாற்றங்கால் நடத்துகிறது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே குளோனை ஊர் முழுக்க நட்டால் ஒரே பூச்சி ஊர் முழுக்கத் தின்னும். லெப்டோசைபி என்ற சின்னஞ்சிறு குளவி 2001 வாக்கில் தென்னிந்தியாவில் தென்பட்டது. தைலமரத் தளிரின் காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். சில ஆண்டுகளில் நாற்றங்கால்களிலும் இளந்தோட்டங்களிலும் பெருஞ்சேதம். முடிச்சு விழுந்த கன்று லாரி ஏறும்போது குளவியும் ஏறுகிறது. கன்று போன ஊரெல்லாம் பூச்சி போகும். ஆகவே நல்ல பண்ணை நான்கைந்து குளோன்களைக் கலந்து கொடுக்கும், நோய்பட்ட தொகுப்பை வாசலைத் தாண்ட விடாது.

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழில், சாத்தூர், கோவில்பட்டி வரை பரவி நூறு ஆண்டைக் கடந்துவிட்டது. அந்தத் தொழிலுக்கு ஆதாரம் குச்சி. குச்சிக்கு ஆதாரம் மரம். அந்த மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து, கட்டையாகவோ குச்சியாகவோ மலையைச் சுற்றி வருகிறது. மலைக்கு இந்தப் பக்கம், ஆலைக்கு அருகிலேயே மானாவாரி நிலம் கிடக்க, மரம் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டுமா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நம் மண்ணுக்கு ஏற்ற குச்சி மரம் பெருமரம். வறட்சி தாங்கும். வெண்மையான, இலேசான, எளிதில் சீவ வரும் மரம். கட்டையைக் கடைசல் போல் சுழற்றித் தகடாக உரித்துத்தான் குச்சி வெட்டுகிறார்கள். தகடு உரிய வேண்டுமானால் கட்டை நேராக, உருண்டையாக, கணு இல்லாமல் இருக்க வேண்டும். கோணல் கட்டையில் பாதி விறகாகிவிடும். தண்டு நேராக வளர்வது தாய்மரத்தையும் வேரையும் பொறுத்தது என்பதால், ஆலையின் கழிவுச் செலவுகூட நாற்றங்காலில்தான் தொடங்குகிறது. பெருமர விதை கோடையில் முற்றும், சிறகு முளைத்தது போல் காற்றில் பறக்கும். சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் குறைந்துவிடும் விதை அது. போன வருடத்து விதையை மூட்டையில் வைத்திருந்து விதைக்கிறவர் பெரும்பகுதியை வீணாக்குகிறார். சித்திரை, வைகாசியில் புதுவிதை போட்டால் ஐப்பசி மழைக்கு நடத்தக்க கன்று கையில் இருக்கும். இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. அதைத் தவறவிட்டு மார்கழியில் கன்று கொண்டுவந்து இறக்கும் பண்ணை, எவ்வளவு நல்ல கன்று வைத்திருந்தாலும் விவசாயிக்கு உதவாது.

தீப்பெட்டிக்காக ஒரு மரத்தை விவசாயியின் நிலத்தில் நிலைநிறுத்திய முன்மாதிரியும் நம் நாட்டில் உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் விம்கோ நகர் என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த விம்கோ நிறுவனம்தான் 1984-ல் நபார்டு வங்கியின் துணையோடு வடஇந்தியாவில் பாப்லர் மரத் திட்டத்தைத் தொடங்கியது. சொந்தமாக நாற்றங்கால் வைத்து, தேர்ந்த குளோன்களை ஒரு வருடம் வளர்த்து, ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டிய கன்றுகளாகக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் ஆட்கள் வயலுக்கு வந்து யோசனை சொன்னார்கள். வங்கிக் கடனும், விளைந்த மரத்தைத் திரும்ப வாங்கும் ஒப்பந்தமும் இருந்தன. பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகள் கோதுமைக்கு இடையில் பாப்லர் வைக்கப் பழகினார்கள். பின்னால் அந்த மரத்தை நம்பி அரியானாவின் யமுனாநகரில் ஒட்டுப்பலகைத் தொழிலே வளர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் விலை சரிந்து பலர் நட்டப்பட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நல்ல கன்று சந்தையைக் காப்பாற்றாது. ஆனால் விலை திரும்ப ஏறியபோது விற்பதற்கு உருப்படியான மரம் அவர்களிடம் இருந்தது.

இந்த யோசனை அரசின் கொள்கைக்குப் புதிதல்ல. ஆலைகள் தங்கள் மூலப்பொருளை விவசாயியோடு நேரடி உறவு வைத்து உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று 1988-ம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையே சொல்லிவிட்டது. அதே 1988-ல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது. ஓடைக்கரை மரங்களின் கிளை பின்னிய கூரையிலேயே வாழும் அந்த அணிலுக்கு, செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மரம் விழுந்தாலும் வழி அறுந்துபோகும். மலையில் கோடரி விழக்கூடாது என்றால் சமவெளியில் மரம் விளைய வேண்டும். தேசிய வேளாண்காடு கொள்கை 2014-ல் வந்தபோது தரமான நடவுப்பொருளின் பற்றாக்குறையைப் பெரிய தடையாகக் குறிப்பிட்டது. நம் மாநிலத்திலும் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்து அரசு நாற்றங்கால்களில் கன்று பெறும் திட்டம் நடக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இலவசக் கன்று என்றாலும் பிளேடை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எத்தனை இலட்சம் கன்று கொடுத்தோம் என்று எண்ணுவது சமூகக் காடுகள் காலத்திலிருந்து நமக்குப் பழகிப்போன ஒன்று. மூன்றாம் வருடம் எத்தனை நிற்கிறது, அதில் எத்தனை நேராக நிற்கிறது என்று எண்ணிக் கொடுக்கும் பண்ணைக்கே அடுத்த ஆணை என்று மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். அதுவரை விவசாயிகளே அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பண்ணை, எந்தத் தேதி, எந்த மரத்து விதை அல்லது எந்தக் குளோன் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நல்ல பண்ணைக்காரருக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுங்கள். கழித்த கன்றுகளின் செலவும் அந்த இரண்டு ரூபாயில்தான் வர வேண்டும்.

தீப்பெட்டி ஆலை நடத்துகிறவர்கள் சிலர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலையடிவாரத்திலும் கண்மாய்க் கரைகளிலும் நேராக, ஓங்கி நிற்கும் பெருமரங்களை இந்தக் கார்த்திகை, மார்கழிக்குள் தேடிப் பார்த்து, சுற்றளவு அளந்து, எண் எழுதி ஒரு பதிவேடு போடுங்கள். வனக்கல்லூரி விஞ்ஞானிகளை அழைத்து வந்து காட்டுங்கள். கோடையில் அந்த மரங்களில் மட்டும் விதை எடுத்து, மகளிர் குழுக்களை வைத்து ஒரே ஒரு நாற்றங்கால் தொடங்குங்கள். கன்றோடு ஒரு அட்டை கட்டிக் கொடுங்கள், அதில் தாய்மரத்தின் எண் இருக்கட்டும். வாங்கி நடுவதற்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களின் விவசாயிகள் தயாராக இருக்கிறார்கள். அடுத்த ஐப்பசிக்குக் கன்று வேண்டுமானால், மரம் தேடும் வேலையை இந்த மாதமே தொடங்க வேண்டும்.